தத்துவம் படித்தால் முதல் சம்பளம் எந்த வருடம்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பா பி.காம். சேரச் சொல்கிறார். தத்துவப் பட்டத்துக்குப் பண மதிப்பு உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே வார்த்தையில் சொன்னால் உங்கள் மகளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறீர்கள். எந்த வருடம் முதல் சம்பளம் என்று கேளுங்கள். இந்தப் படிப்பின் கணக்கே அதில்தான் இருக்கிறது.

பி.காம். முடித்தவருக்கு மூன்றாம் வருட முடிவில் கணக்கு உதவியாளர், ஜி.எஸ்.டி. வேலை என்று சின்னச் சம்பளமாவது உடனே கிடைக்க வழி உண்டு. தத்துவத்துக்கு அப்படி நேரடி வேலை கிடையாது. பள்ளி ஆசிரியர் வேலையும் எளிதல்ல. பட்டதாரி ஆசிரியர் பணியிடப் பாடங்களில் தத்துவம் இல்லை. மூன்றாம் வருட முடிவில் அது ‘ஏதேனும் ஒரு பட்டம்’. அந்தத் தகுதி போதுமான கதவுகளெல்லாம் திறந்திருக்கும்: குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு, மூன்றாண்டு சட்டப் படிப்பு, எம்.பி.ஏ.வுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு. சி.ஏ.கூட மூடிய கதவல்ல. பி.காம். காரர் 55 சதவீதத்துடன், முதல் கட்டமான அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு அது 60 சதவீதம், அவ்வளவுதான்.

ஆக, தத்துவத்தில் காசு வருவது இரண்டாவது படியில். சட்டம் என்றால் 3 + 3, ஆறு வருடம். அதன் பிறகு சீனியரிடம் சொற்ப வருமானத்தில் சில வருடம். (வக்கீல் தொழில்தான் என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள் என்றால் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் ஒரு வருடம் மிச்சம்.) பேராசிரியர் வேலை என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், பிறகு கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு: மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி.யில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000. ஐந்து வருடத்தில் 24 லட்சம் ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் அது தேர்வில் மேலே வருகிறவர்களுக்கு மட்டும். வெறும் நெட் தேர்ச்சி ஒரு தகுதிச் சான்று. வேலை உத்தரவு அல்ல. தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள கல்லூரிகளும் குறைவு, அதனால் பணியிடங்களும் குறைவு. ஜே.ஆர்.எஃப். பணத்தை வரவில் எழுதிவிட்டுத் திட்டம் போடாதீர்கள்.

‘தத்துவம் படித்தால் ஐ.ஏ.எஸ். எளிது’ என்று யாராவது சொல்வார்கள். மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. அந்தப் பாடமாகத் தத்துவத்தை எடுக்கப் பொறியியல் படித்தவருக்கும் உரிமை உண்டு. எனவே அந்த வருமானத்தைப் பட்டத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. அமெரிக்கச் சம்பளப் பட்டியலைக் காட்டி ஆசை மூட்டுகிறவர்களையும் நம்பாதீர்கள். அங்கே எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் படிப்பில் சேர்கிறார்கள், பிறகு என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தொகைக்குள் கலந்திருக்கிறது.

உண்மையான ஆபத்து கடன். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் மூன்று லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன் பின் ஒரு வருடமும் தவணை இல்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தனிவட்டியாகவே போட்டாலும் 40, 30, 20 ஆயிரம் என்று 90,000 சேர்ந்து கடன் 3,90,000 ஆகிவிடும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,475 ரூபாய். ஐந்தாம் வருடம் தவணை தொடங்கும்போது உங்கள் மகள் எம்.ஏ. இரண்டாம் வருடத்தில் இருப்பாள். மேற்படிப்பைக் காட்டித் தள்ளிவைக்கக் கேட்கலாம். அதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். வட்டி அப்போதும் நிற்காது.

அதனால் தத்துவத்துக்குக் கடன் வாங்காதீர்கள் என்றே சொல்வோம். கட்டணத்தைத் தீர்மானிப்பது பாடத்தைவிடக் கல்லூரிதான். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியின் உதவி பெறும் பிரிவில் இடம் தேடுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. மூன்று வருடத்தில் 36,000.

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள். பி.காம். முடித்ததும் மாதம் 15,000 சம்பளம் என்று கொண்டால், கூடுதலாகப் படிக்கும் மூன்று வருடத்தில் கைவிடும் தொகை 5,40,000. அதோடு அந்த மூன்று வருடக் கட்டணம், விடுதிச் செலவு. தத்துவ வழியின் உண்மையான விலை இதுதான். ஆனால் பி.காம். சேர்ந்தவள் எம்.காம்., சி.ஏ. என்று தொடர்ந்தால் இந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடும். அவள் அப்பா எந்த பி.காம். பற்றிப் பேசுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

வீடு ஆறு வருடம் அவள் சம்பளத்தை எதிர்பார்க்காமல் ஓடுமானால் தயங்காமல் சேருங்கள். ஒரு வாதத்தைப் பிரித்து எங்கே ஓட்டை என்று காட்டப் பழகியவளுக்குச் சட்டமும் நுழைவுத் தேர்வும் கைவசப்படும். பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். குறியீட்டுத் தர்க்கம் (வாதங்களைக் குறியீடுகளாக எழுதிச் சோதிக்கும் பாடம்) தனித்தாளாக இருக்கிறதா, துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். எல்லோரும் கௌரவ விரிவுரையாளர்கள் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.