கேள்வி – பதில்: 1 என்று மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை!

கேள்வி: ஜன்னல், பொத்தான் எல்லாம் தரும் சி++ லைப்ரரியான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 3.2 வைத்து விண்டோஸில் ஒரு நிரல் எழுதுகிறேன். அதற்குள் வலைப்பக்கம் காட்ட வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஞ்சினில் பக்கம் சிதைந்து தெரிகிறது. லைப்ரரியின் வசதிகளைத் தீர்மானிக்கும் செட்டப்.ஹெச் கோப்பில், எட்ஜ் எஞ்சினுக்கான மேக்ரோ (0 என்றால் வேண்டாம், 1 என்றால் வேண்டும்) 0 என்று இருந்ததை 1 ஆக்கி, என்மேக் என்ற பில்டு கருவியை ஓடவிட்டு லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை, பக்கமும் மாறவில்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் திருத்தியது இன்க்ளூட் அடைவில் இருக்கும் செட்டப்.ஹெச் கோப்பாகத்தான் இருக்கும். கம்பைலர் அதைப் படிப்பதே இல்லை. முதல் தடவை என்மேக் ஓடும்போது அந்தக் கோப்பின் நகல் ஒன்று லிப் அடைவுக்குள் போய் உட்கார்ந்துவிடும்: ரிலீஸ் என்றால் எம்எஸ்டபிள்யூயூ என்ற உள் அடைவில், டீபக் என்றால் அதே பெயரின் கடைசியில் ஒரு டி சேர்ந்த அடைவில். அடுத்த தடவை, நகல்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று என்மேக் அதைத் தொடாமல் போய்விடும். உங்கள் லைப்ரரி இன்னமும் பழைய 0 வைத்தே உருவாகிக்கொண்டிருக்கிறது.

இதே இடத்தில் நானும் இரண்டு இரவு மாட்டிக்கொண்டேன். கடைசியில் செட்டப்.ஹெச் கோப்பின் நடுவே வேண்டுமென்றே அர்த்தமில்லாத ஒரு வரியைத் தட்டிவிட்டுக் கம்பைல் செய்து பார்த்தேன். பிழை வந்தே ஆக வேண்டும், ஆனால் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் திருத்துகிற கோப்பு வேறு, கம்பைலர் பார்க்கிற கோப்பு வேறு என்று. இன்றும் சந்தேகம் வந்தால் முதலில் அதைத்தான் செய்கிறேன். ஒரு நிமிட வேலை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: லிப் அடைவில் உள்ள நகலைத் திருத்துங்கள், அல்லது அதை அழித்துவிடுங்கள். அப்புறம் கிளீன் கொடுத்து லைப்ரரி முழுவதையும் புதிதாகக் கம்பைல் செய்யுங்கள், பிறகு உங்கள் நிரலையும். பாதி மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். லைப்ரரி ஒரு மேக்ரோவை 0 என்றும் உங்கள் நிரல் அதையே 1 என்றும் பார்த்தால், நல்லவேளையாக இரண்டையும் இணைக்கும் லிங்கரிலேயே பிழை வந்து நிற்கலாம். வராவிட்டால்தான் ஆபத்து. ஒரே கிளாஸின் அளவு இரண்டு பக்கமும் வேறு வேறாகி, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் நிரல் விழும். காரணம் தேடி நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

எட்ஜுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் வெப்வியூ2 எஸ்டிகேயை (எட்ஜ் எஞ்சினை நம் நிரலில் பயன்படுத்துவதற்கான கோப்புகள்) நியூகெட் பொதித் தளத்திலிருந்து இறக்கி, டபிள்யூஎக்ஸ் மூல அடைவில் தேர்ட்பார்ட்டி என்பதற்குள் வெப்வியூ2 என்ற பெயரில் பிரித்து வையுங்கள். வெப்வியூ2லோடர்.டிஎல்எல் உங்கள் இஎக்ஸ்இ பக்கத்திலேயே இருக்கட்டும். நிரல் தொடங்கியதும் இஸ்பேக்எண்ட்அவைலபிள் என்ற ஃபங்ஷனை அழைத்து, எட்ஜ் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கண்ணால் பக்கத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட அது நிச்சயமானது.

கேள்வி: வேண்டாத வசதிகளின் வரிகளை செட்டப்.ஹெச் கோப்பில் கமெண்ட் ஆக்கினேன். வரிசையாகப் பிழைகள். ஏன்?

பதில்: நீக்கக் கூடாது, 0 என்று எழுத வேண்டும். ஒவ்வொரு மேக்ரோவும் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று லைப்ரரியின் செக்கான்ஃப்.ஹெச் என்ற கோப்பு பார்க்கிறது. ஒரு வசதி இன்னொன்றை நம்பியிருந்தால் அதையும் அதுவே சரிபார்க்கும். அந்தப் பிழைச் செய்திகளைப் பொறுமையாகப் படியுங்கள். எந்த மேக்ரோ விடுபட்டது என்பது அதிலேயே இருக்கும்.

கேள்வி: லினக்ஸில், லைப்ரரியைக் கம்பைலுக்குத் தயார் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஒலியும் வீடியோவும் ஓட்டும் மீடியாகண்ட்ரோல் இல்லை என்கிறது.

பதில்: மீடியாகண்ட்ரோல் நம்பியிருக்கும் ஜிஸ்ட்ரீமர் லைப்ரரியின் டெவலப்மெண்ட் பொதி இல்லாமல் இருந்திருக்கும். எச்சரிக்கை நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்திருக்கும். பொதியை நிறுவி, கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். மேக் கொடுப்பதற்கு முன், அது உருவாக்கிய செட்டப்.ஹெச் கோப்பைத் திறந்து அந்த மேக்ரோ 1 ஆகிவிட்டதா என்று பாருங்கள். உங்கள் நிரலைக் கம்பைல் செய்யும்போது பாதைகளைக் கையால் எழுதாமல் டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் என்ற கட்டளை தருவதையே கொடுங்கள்.