ஆட்டோமேடிக் கியர் ஆயில்: அண்ணாச்சியிடம் கேட்டவை

வள்ளியூரிலிருந்து: அண்ணாச்சி, என்னிடம் மாருதி செலேரியோ ஏஜிஎஸ் கார் இருக்கு. பானெட்டைத் திறந்தால் ஒரு குச்சிதான் தெரியுது. ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர் பாக்ஸ் ஆயில்) அளவை அதில்தான் பார்க்கணுமா?

அது எஞ்சின் ஆயில் குச்சி. உங்கள் வண்டியில் ஏடிஎஃப் கிடையாது. 2014-ல் செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த ஏஎம்டி முறையில் (மாருதி வைத்த பெயர்தான் ஏஜிஎஸ்), உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் ஒரு ஹைட்ராலிக் கருவி செய்கிறது. பாக்ஸுக்குக் கியர் ஆயில், அந்தக் கருவிக்கு அதற்கென்று தனி ஆயில். கடையில் போய் "ஆட்டோமேடிக் ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏஎம்டி, பெல்ட்டில் ஓடும் சிவிடி, இரண்டு கிளட்ச் உள்ள டிசிடி, எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், இந்த நான்கு ஆட்டோமேடிக் வகையும் வேறு வேறு. சிவிடியில் ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி பாக்ஸே போய்விடும். கையேட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து: பழைய டார்க் கன்வர்ட்டர் வண்டி. கியர் ஆயில் அளவு பார்க்கிற குச்சி (டிப்ஸ்டிக்) இருக்கு. காலையில் பார்த்தால் ஓர் அளவு, ஓட்டிவிட்டுப் பார்த்தால் வேறு அளவு காட்டுது.

சூடானால் ஆயில் விரியும், அதனால்தான். பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டுங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைக்கும் நிதானமாகக் கொண்டுபோய் 'பி'-யில் விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். குச்சியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி எடுங்கள். 'ஹாட்' குறிகளுக்கு நடுவே இருந்தால் சரி.

அப்புறம் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். அளவைவிட இவை அதிகம் சொல்லும். பெரும்பாலும் புது ஆயில் சிவப்பாகத் தெளிவாக இருக்கும். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் தேய்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அளவு 'லோ'-வுக்கு வந்துவிட்டது. ஒரு லிட்டர் ஊற்றிவிடட்டுமா?

வேண்டாம். 'லோ'-வுக்கும் 'ஃபுல்'-லுக்கும் நடுவே பொதுவாக அரை லிட்டர் அளவுதான். நீளமான புனல் வைத்து, டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கால் லிட்டருக்கும் குறைவாக ஊற்றிப் பாருங்கள். கூடிப்போனால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும், பிரஷர் விழும், கியர் வழுக்கும். ஒன்று சொல்கிறேன், ஏடிஎஃப் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. ஆயில் பேன், ஆக்ஸில் சீல், ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாய், இவற்றைப் பார்க்காமல் மாசம் மாசம் டாப்-அப் செய்வது வைத்தியம் ஆகாது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து: பழைய ஆட்டோமேடிக் வண்டி ஒன்று விலைக்கு வருது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சந்தேகம்.

சந்தேகப்படுவது நியாயம். டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் தாமிரபரணிக் கரையோரம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கியர் பாக்ஸின் மேல் பக்கம் மூச்சு விட ஒரு சிறு குழாய் உண்டு. தண்ணீர் அதுவரை ஏறினால் உள்ளே போகும். ஆயில் ரோஸ்மில்க் மாதிரி வெளுத்துவிடும். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் தண்ணீரில் ஊறிக் கழன்று வரும். அப்படி ஆன வண்டியில் ஆயில் மாற்றினால் மட்டும் போதாது, பாக்ஸைப் பிரிக்க நேரலாம்.

ஆனால் இப்போது குச்சியில் சிவப்பாக இருப்பதை நம்பாதீர்கள். விற்கிறவர் புது ஆயில் மாற்றியிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து வண்டல் கறை இருக்கிறதா பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சீட் போல்ட்டில் துரு பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

சங்கரன்கோவிலிலிருந்து: இன்னோவா கிரிஸ்டா. டிப்ஸ்டிக்கே இல்லை. "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்கிறார்களே?

அதை நான் ஏற்கவில்லை. நம் ஊர் வெயில், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம், ஏசி, ஆள் பாரம் எல்லாம் ஆயிலைச் சுட வைக்கும். கையேட்டில் கடும் உபயோகத்துக்கு என்று தனி இடைவெளி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பழைய ஆயிலைக் கீழே வடித்தால் பாதிகூட வெளியே வராது, மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் நிற்கும்.

இந்த வகையில் அளவு பார்ப்பதை வீட்டில் முயல வேண்டாம். வண்டியைச் சமமாக லிஃப்டில் தூக்கி, எஞ்சின் ஓட, ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்து, கம்பெனி சொன்ன சூட்டில் (பெரும்பாலும் 40 டிகிரிக்கு அக்கம்பக்கம்) பாக்ஸில் அளவு பார்ப்பதற்கென்று இருக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். மெல்லிசாகச் சொட்டினால் அளவு சரி. சித்திரை வெயிலில் நின்ற வண்டி அந்தச் சூட்டைச் சீக்கிரம் தாண்டிவிடும். விரிந்த ஆயில் கூடுதலாக வழிந்து, கடைசியில் குறைவாக நிற்கும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் முந்தின நாள் சாயங்காலமே விட்டு, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: நான்குவழிச் சாலையில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் பாக்ஸின் பம்பும் ஓடாது, உள்ளே ஆயில் போகாது. இயங்கும் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிப் போக வேண்டும். மேலே ஏற்றிப் போகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.