சிங்கப்பூரில் வண்டிகள் கட்டும் இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுதானே, இது நியாயமா?

பாதிதான் சரி. இந்தக் கட்டணம் வருமானத்தைப் பார்ப்பதில்லை, வண்டி சாலையில் அடைக்கும் இடத்தைப் பார்க்கிறது. காருக்கு 2 வெள்ளி என்றால் மோட்டார்சைக்கிளுக்கு 1, கனரக லாரிக்கு 3, மிகக் கனரக வண்டிக்கு 4. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டும் விலக்கு.

தொகையைத் தீர்மானிப்பது வேகம். விரைவுச்சாலையில் இலக்கு மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30. வேகம் அதற்குக் கீழே இறங்கினால் கட்டணம் ஏறும், மேலே போனால் குறையும். நேரத்துக்கு நேரம் தொகை சட்டென்று மாறினால் வேறொரு தொல்லை: சிலர் குறையும்வரை கட்டணம் வசூலிக்கும் மேல்வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டி நிற்பார்கள், சிலர் ஏறுவதற்குள் விரட்டுவார்கள். அதற்காகத்தான் இடையில் 5 நிமிடங்களுக்கு ஓர் இடைத்தொகை.

பேருந்தில் நிற்பவரையும் சேர்த்துத்தான் நியாயத்தைப் பார்க்க வேண்டும். கட்டணமே இல்லையென்றால் நாலு பேர் காரால் வரும் நெரிசலில் அறுபது பேர் பேருந்து மாட்டிக்கொள்ளும். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பணம் கட்டிக் கார் வைத்திருப்பவர் இங்கே ஏழையாக இருப்பதும் அரிது.

உண்மையில் அடிபடுபவர் வேறு. காலை எட்டரைக்குள் வேலையிடத்துக்குக் குழாயும் கருவிகளும் கொண்டுபோக வேண்டிய வேன் ஓட்டுநருக்கு எம்ஆர்டி ரயில் மாற்றாகாது, நேரத்தையும் அவர் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனாலும் சொகுசுக் கார் கட்டும் அதே தொகைதான் அவருக்கும். என் பார்வையில், திருத்த வேண்டியது இந்த இடத்தைத்தான்.