டெர்மினலில் ஓடும் பைதான் ஸ்கிரிப்ட் கிரானில் ப்ராக்ஸியை எடுக்கவில்லை: பதில்

அலுவலக ப்ராக்ஸி (இணையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் இடைநிலை சர்வர்) வழியாகப் போகும் உங்கள் ஸ்கிரிப்ட் கையால் ஓட்டினால் சரி, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) மட்டும் டைம்-அவுட் என்கிறீர்கள்; ப்ராக்ஸி கடவுச்சொல்லில் @ இருப்பதாகவும் சொல்கிறீர்கள். நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம். டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பாஷ்-ஆர்சி அமைப்புக் கோப்பைக் கிரான் படிப்பதே இல்லை. அதனால் ப்ராக்ஸி மாறிகள் ஸ்கிரிப்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஹெச்டிடிபி_ப்ராக்ஸி, ஹெச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்யும் வரிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். அதில் கடவுச்சொல் இருப்பதால் கோப்பின் அனுமதி 600 (நீங்கள் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). கிரான் வரியில் முதலில் புள்ளி, இடைவெளி, அந்தக் கோப்பின் முழுப் பாதை; பிறகு && போட்டு உங்கள் கட்டளை. உபுண்டுவில் கிரான் எஸ்ஹெச் வழியாக ஓடுவதால் 'சோர்ஸ்' என்று எழுதினால் வேலை செய்யாது.

இந்த இரண்டு மாறிப் பெயர்களையும் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள். பெரிய எழுத்து ஹெச்டிடிபி_ப்ராக்ஸியை கர்ல் (இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கட்டளை) வேண்டுமென்றே கண்டுகொள்ளாது.

உங்கள் கடவுச்சொல்லில் @ இருக்கிறதே, அதை %40 என்று மாற்றுங்கள். ஆனால் அதைக் கிரான் கட்டளைக்குள் நேரடியாக எழுதாதீர்கள்: அங்கே % வந்தால் வரி அதோடு முறிந்துவிடும். தனிக் கோப்பு கேட்டதற்கு இதுவும் காரணம்.

இதற்குப் பிறகு 407 (ப்ராக்ஸி உள்நுழைவு கேட்கும் பிழை எண்) வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. சான்றிதழ்ப் பிழை வந்தால், அலுவலக ப்ராக்ஸி போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில் மாறியில் அலுவலகச் சான்றிதழின் பாதையைக் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். உள் சர்வர்களின் பெயர்களை நோ_ப்ராக்ஸி மாறியில் (ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டாதவற்றின் பட்டியல்) சேர்க்க மறக்காதீர்கள்.