எட்டாம் ஆண்டோடு நின்ற எனக்குத் தையல் சான்றிதழ் கிடைக்குமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 38. எட்டாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது. 14 வருடமாக லயத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் சட்டை, பெண்களுக்கு பிளவுஸ் எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். டவுனில் வேலை கேட்டால் சான்றிதழ் கேட்கிறார்கள். முதலில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுத வேண்டுமா? பேரை, அதாவது தோட்டத்து நாள் கூலியை, விட்டுவிட்டு மாதக்கணக்கில் படிக்கப் போக என்னால் முடியாது.

பதில்: வேண்டாம் சகோதரி. தையல் சான்றிதழுக்கு ஓ/எல் சுற்றுவழி. தொழில் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பரிசோதித்து எழுத்தில் தருவதற்கென்றே ஒரு முறை உண்டு. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பார்கள். அந்த வழியாகக் கிடைப்பதும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்தான், அதாவது என்.வி.கியூ. அதில் ஏழு மட்டங்கள் உண்டு. உங்கள் அனுபவத்துக்கு 3 அல்லது 4ஐக் கேளுங்கள். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வேலையை முடிப்பவருக்கு உரியது 4.

நைட்டா என்று அழைக்கப்படும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையிலோ, தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ விண்ணப்பம் கேட்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மதிப்பீட்டாளர் முன் நீங்கள் செய்து காட்ட வேண்டும்: அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, முடிப்பது. மார்க் கிடையாது, வேலை தரத்துக்கு வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வீட்டில் பழகிய கைகள் தடுமாறுவது தையலில் அல்ல, கடதாசியில் அளவுப்படம் வரைவதில். பழைய சட்டையைத் துணிமேல் விரித்து, கண்ணளவில் வெட்டியே பழகியிருப்பீர்கள். அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். கண்ணளவில் சரியாக வெட்டுவது பெரிய திறமை. ஆனால் மதிப்பீட்டில் படத்தையும் கேட்பார்கள். ஆகவே போவதற்கு முன் தெரிந்த தையற்காரர் ஒருவரிடம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை மட்டும் பழகுங்கள். மாதக்கணக்கான வகுப்பு தேவைப்படாது.

இன்றிலிருந்தே தைத்த ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். யாருக்கு, எப்போது, என்ன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தைத்து வாங்கியவர்களிடமும் முன்பள்ளி ஆசிரியையிடமும் கடிதம் கேளுங்கள். அனுபவத்துக்குச் சாட்சி இவைதான்.

விண்ணப்பிக்கும்போதே தமிழில் மதிப்பீடு வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் போதாது. இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தமிழிலோ சிங்களத்திலோ கல்வி பெறும் உரிமையைத் தருகிறது, அதனால் கூச்சப்பட ஒன்றுமில்லை. திகதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் எத்தனை நாள் பேர் போகுமென்று வீட்டில் கணக்குப் பார்க்கலாம்.

இன்னொன்று. தோட்டத்து ஆட்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. சான்றிதழ் வந்தபின் பெயரைத் திருத்த அலைவது பெரும்பாடு. இரண்டையும் இன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே பிரதேச செயலகத்தில் காட்டி, திருத்துவதா, சத்தியக்கடதாசி போதுமா என்று கேளுங்கள்.

ஓ/எல் ஆசை இருந்தால் அதையும் விடாதீர்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். முதல் தடவை தமிழ், சமயம், வரலாறு என்று மனதுக்குப் பிடித்த பாடங்களோடு தொடங்குங்கள்.