என் யானைகள் ஏன் என் படையையே மிதிக்கின்றன?

கேள்வி: நானும் நண்பரும் 15 மி.மீ. உயர மினியேச்சர் படைகளை வைத்து, ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் மோதிய ஸாமா போரை ஆடுகிறோம். எனக்குக் கார்த்தேஜ், அவருக்கு ரோம். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் செய்தது போலவே ஆறு யானை பேஸ்களையும் (பொம்மைகள் ஒட்டிய தட்டுகள்) முன்வரிசையில் நிறுத்துகிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு மூன்று யானைகள் திரும்பி ஓடிவந்து என் காலாட்படையையே நசுக்குகின்றன. எங்கள் விதிப்படி யானை அடி வாங்கினால் ஒரு பகடை உருட்ட வேண்டும், 1 அல்லது 2 விழுந்தால் அது பின்னால் ஓடும். இவற்றை விற்றுவிட்டு, இணையத்தில் ஒருவர் விற்கும் 'போட்டியில் ஜெயித்த ரெடிமேட் கார்த்தேஜ் படை'யை வாங்கிவிடலாமா?

பதில்: விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். உங்கள் யானைகளில் கோளாறு இல்லை, நிறுத்திய இடத்தில்தான் கோளாறு.

பகடை உங்களுக்கு எதிராகச் சதி செய்கிறது என்ற சந்தேகம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். அடி வாங்கிய ஒரு யானை திரும்பாமல் இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஆறு யானையும் ஆட்டத்தில் ஒரு தடவையாவது அடி வாங்கும் (முன்வரிசையில் நின்றுகொண்டு வாங்காமல் எங்கே போகும்?), அப்படியானால் ஆறில் ஒன்றுகூடத் திரும்பாமல் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதுக்கும் கீழே. சராசரியாக இரண்டு திரும்பும். நீங்கள் சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். உங்கள் பகடை ரொம்ப நேர்மையாகவே நடந்துகொள்கிறது.

அதனால் யானை திரும்புமா என்று கவலைப்படுவதை விடுங்கள், திரும்பும். அது திரும்பும் நேரத்தில் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

'ஹன்னிபால் செய்தது போலவே' என்கிறீர்கள். சரி, ஆனால் கி.மு. 202ல் அவர் அப்படிச் செய்துதானே தோற்றார்? கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியதைப் பாருங்கள். 80க்கும் மேற்பட்ட யானைகளை ஹன்னிபால் முன்னால் நிறுத்தினார். ரோமானியர்களின் கொம்பும் எக்காளமும் ஊதிய சத்தத்திலேயே சில யானைகள் மிரண்டு, கைகலப்பு தொடங்கும் முன்பே பின்வாங்கி, கார்த்தேஜுக்கு உதவ வந்திருந்த நுமிடியக் குதிரைகள் மேல் போய் விழுந்தன. அந்தக் குழப்பத்தில், ரோம் பக்கம் நின்ற நுமிடிய மன்னர் மசினிசா பாய்ந்து கார்த்தேஜின் இடது பக்கக் குதிரைப்படையை விரட்டிவிட்டார். வலது பக்கத்தை ரோமானியக் குதிரைப்படைத் தளபதி லேலியஸ் பார்த்துக்கொண்டார். துரத்திப்போன இருவரும் திரும்பி வந்து, அதுவரை ரோமானியர்களோடு சரிக்குச் சமமாக நின்று போரிட்ட ஹன்னிபாலின் பழைய வீரர்களைப் பின்னாலிருந்து அடித்தார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதுதான் நடந்தது. உங்கள் மேசையிலும் அதுதான் நடக்கிறது.

ஆனால் ஹன்னிபால் செய்த ஒன்றை நீங்கள் செய்யவில்லை. இத்தாலியிலிருந்து கூட்டிவந்த அந்தப் பழைய வீரர்களை மற்ற வரிசைகளோடு ஒட்டி நிறுத்தாமல் ஒரு ஸ்டேடியம் என்ற பழைய கிரேக்க அளவுக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 180 மீட்டருக்கும் அப்பால், தள்ளி நிறுத்தினார். யானை ஓடி வந்தாலும், முன்வரிசைக் கூலிப்படை ஓடி வந்தாலும் இவர்கள் வரிசை கலையாது. பெரும்பாலானவர்கள் மூன்று வரிசையையும் அடுக்கிவைத்த தோசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் யானையைத் திட்டுகிறார்கள்.

எனவே அடுத்த ஆட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். உங்கள் விதிப்படி மிரண்ட யானை ஒரே தடவையில் எவ்வளவு தூரம் ஓடும் என்று அளந்து பாருங்கள், அதைவிட இரண்டு விரல் கூடுதலாகத் தள்ளி முக்கியக் காலாட்படையை நிறுத்துங்கள். இடம் போதவில்லை என்றால் யானைக்கு நேர் பின்னால் பேஸ் அகலத்துக்குச் சந்து விடுங்கள். ஸாமாவில் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ விட்டாரே, அதேதான். அவர் ஹஸ்தாத்தி எனும் முதல் வரிசைக்கு நேர் பின்னாலேயே பிரின்கிபெஸ் எனும் இரண்டாம் வரிசைப் பிரிவுகளை நிறுத்தி, வழக்கமான சதுரங்கக் கட்டம் போன்ற அமைப்பைக் கைவிட்டு, நேர் சந்துகளை உண்டாக்கி, அதில் ஈட்டி எறியும் இலகு வீரர்களை வைத்து மறைத்தார். எதிரியின் யானைக்குச் சந்து விட்டவர் அவர், நீங்கள் உங்கள் யானைக்கே விட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம், யானைகளைச் சொந்தக் குதிரைப்படைக்குப் பக்கத்தில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். யானைகளுக்கு நடுவே உங்கள் இலகு காலாட்களை வையுங்கள். உங்கள் நண்பரின் ஈட்டிக்காரர்கள் யானையைச் சுற்றி வளைத்துக் குத்தாமல் இவர்கள் தடுப்பார்கள். கி.மு. 317ல் பாரைத்தகேனேயில் மோதிய அலெக்சாண்டரின் தளபதிகள் யானைகளுக்கு இடையில் இலகு வீரர்களை நிறுத்தியே போரிட்டார்கள், அலங்காரத்துக்காக இல்லை.

யானைகளை ஆட்டத்தின் முதல் இரண்டு சுற்றுக்குள் அனுப்பிவிடுங்கள். மிரள்வது எப்படியும் மிரளும், அது மேசையின் நடுவில் நடக்கட்டும். நீங்கள் காலாட்படை வரும்வரை காத்திருந்து சேர்ந்து போகலாம் என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் நசுங்குகிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கி.மு. 207ல் இத்தாலியின் மெத்தாரஸ் ஆற்றங்கரையில் ஹன்னிபாலின் தம்பி ஹஸ்துருபாலின் பாகர்கள், கட்டுக்கடங்காத யானையின் கழுத்து மூட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள் என்றும், அன்று எதிரி கொன்றதைவிடப் பாகர்கள் கொன்றதே அதிகம் என்றும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உங்கள் ரூல்புக்கில் சொந்த யானையை அகற்றும் வழி இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். பெயின்ட் அடித்த யானை என்று பாசம் பார்க்க வேண்டாம், பெட்டிக்குத்தான் போகிறது.

யானையை வேறு மாதிரி பயன்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கி.மு. 301ல், அலெக்சாண்டரின் பழைய தளபதிகள் ஆன்டிகோனஸும் செலூகஸும் எதிரெதிராக நின்ற இப்ஸஸ் போர். ஆன்டிகோனஸின் மகன் டெமெட்ரியஸ் தன் குதிரைப்படையோடு எதிரிக் குதிரைகளை விரட்டிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார், திரும்பி வந்து பார்த்தால் செலூகஸ் யானைகளைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைத்துவிட்டார். செலூகஸ் பக்கம் 400 யானை என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். 80 வயதைத் தாண்டிய ஆன்டிகோனஸ், மகன் வருவான் வருவான் என்று காத்திருந்தே செத்தார். அங்கே யானை யாரையும் மிதிக்கப் போகவில்லை, வேலி மாதிரி நின்றது. பழக்கமில்லாத குதிரை யானையின் வாசனைக்கே பக்கத்தில் வராது. உங்கள் ஆட்டத்திலும் ஆறில் இரண்டு யானையை மசினிசா வரும் பக்கத்தில், உங்கள் குதிரைகளிடமிருந்து நன்றாக விலக்கி, வேலியாக நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் நுமிடியர்கள் யானை பார்த்துப் பழகியவர்கள், அவர்களின் குதிரைக்கு இந்தப் பயம் கிடையாது என்று உங்கள் ரூல்புக்கில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம், முதலில் அதைத் தேடுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் இந்த வேலி வேலைக்கு ஆகாது, லேலியஸின் இத்தாலியக் குதிரைகள் வரும் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கேயும் இரண்டுக்கு மேல் வேண்டாம். இது ஸாமாவில் நடந்தது இல்லை என்பதால் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி அந்த ரெடிமேட் படை. இதைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. 'போட்டியில் ஜெயித்த படை' என்று ஒன்று கிடையாது. எந்த ரூல்புக்கில், எத்தனை பாயின்ட்டில், எந்தப் பதிப்பில், யாருக்கு எதிராக ஜெயித்தது என்று கேளுங்கள், பதில் வராது. ஒரு ரூல்புக்கில் ஜெயித்த படையை வேறு ரூல்புக்குக்குக் கொண்டுவந்தால் அது சாதாரணப் படைதான். இதில் பாதிப் பேர் படை வைத்திருப்பவர்களும் இல்லை, பெயின்ட் அடிப்பவர்களும் இல்லை. யாரோ விற்கும் பெட்டியின் படத்தை எடுத்துப் போட்டு, உங்களிடம் முன்பணம் வாங்கிய பிறகுதான் படையைத் தேடவே கிளம்புவார்கள்.

வாங்கியே தீருவேன் என்றால், ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 15 மி.மீ. என்று பெயர் போட்டு 18 மி.மீ. வீரர்களைத் தள்ளிவிடுவது ரொம்ப சகஜம், அளவைக் கால் முதல் கண் வரை எடுத்தீர்களா உச்சந்தலை வரை எடுத்தீர்களா என்று கேட்டாலே பாதிப் பேர் தடுமாறுவார்கள். உங்கள் பழைய வீரர்களுக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்தினால் அப்பாவும் பிள்ளையும் போல இருக்கும். உலோகமா, ரெசினா, 3டி பிரின்டரில் அச்சடித்ததா என்று கேளுங்கள். திருட்டு அச்சில் வார்த்த ரெசினில் ஈட்டிகள் பார்சலைப் பிரிக்கும்போதே உடைந்திருக்கும். மென்மையான பிளாஸ்டிக் வீரர்கள் என்றால் ஈட்டி வளையும்போது பெயின்ட் உரிந்துவிடும், சரியாக ப்ரைமர் அடித்தார்களா என்று படத்தில் தெரியாது. பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு பேஸை முதலில் வாங்கிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்களிடம் இன்னொரு பேச்சும் இருக்கும், 'உங்கள் பேஸ் அளவு இப்போது செல்லாது, எல்லாவற்றையும் பிரித்து ஒட்ட வேண்டும், நானே செய்து தருகிறேன்' என்று. நீங்கள் இருவர் மட்டும் ஆடுகிறீர்கள், இரண்டு படையின் பேஸ் அகலமும் ஒன்றாக இருந்தால் போதும். 15 மி.மீ. படைக்கு 40 மி.மீ. அகலம் பல காலமாக இருக்கிறது, அது எங்கேயும் போகாது. போட்டி நடத்துகிறவர்களும் இதில் உதவி செய்வதில்லை. ஒரு போட்டியில் பின்பக்க ஆழம் 2 மி.மீ. கூடிவிட்டது என்று என் குதிரைகளை மேசையில் வைக்கவே விடவில்லை, அதே போட்டியில் யானை எந்தப் பக்கம் திரும்பி ஓடும் என்ற விதியை இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள். புதுப் பதிப்பு, திருத்தம், திருத்தத்துக்கு விளக்கம் என்று விற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தெளிவாக எழுத மட்டும் நேரம் இல்லை.

அதனால் ஆட்டம் தொடங்கும் முன் நீங்களும் நண்பரும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மிரண்ட யானை நேர் பின்னால் ஓடுமா, தன்னை அடித்தவனுக்கு எதிர்த் திசையில் ஓடுமா, சந்து இருந்தால் அதற்குள் திரும்புமா. மூன்றாவதற்கு 'ஆமாம்' என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஸ்கிப்பியோவின் சந்துகளுக்கும் அதே விதிதான் வேலை செய்ய வேண்டும். மாட்டேன் என்றால் அவருடைய சந்துகளும் மூடித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு யானைகளை அனுப்புங்கள்.