பப்பை ஒட்டிக் கூடாரம் போடாதீர்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம், கார் கிடையாது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. சத்தமில்லாத கிராமம், நடக்க நல்ல பாதைகள், பக்கத்தில் ஒரு பப் வேண்டும். நாங்கள் குடிப்பதில்லை, சைவம் வேறு. எங்கே போகலாம்?

பதில்: கார் இல்லை என்றதுமே எனக்குத் தோன்றுவது டார்பிஷைரில் இருக்கும் ஈடேல். செயின்ட் பான்க்ராஸில் ஏறி ஷெஃபீல்டில் இறங்குங்கள். அங்கிருந்து மான்செஸ்டர் போகும் ரயிலில் அரை மணி நேரம். விரைவு வண்டிகள் ஈடேலில் நிற்காது, எல்லா ஊரிலும் நின்று போகும் வண்டியைப் பாருங்கள்.

அமைதியும் வேண்டும், பப்பும் பக்கத்தில் வேண்டும் என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பதினொரு மணிக்குப் பப் மூடியதும் கூட்டம் பேசிச் சிரித்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பும். அதனால் பப்பிலிருந்து இருபது நிமிட நடை தள்ளி இடம் பிடிப்பதே என் வழக்கம். ஈடேலில் ஃபீல்டுஹெட் என்ற கூடாரத் தளம் முதல்முறை போகிறவர்களுக்கு வசதி, ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ரயில் பாதையும் அருகில்தான், கல்லும் சிமென்டும் ஏற்றிய சரக்கு வண்டிகள் அதில் ஓடும். தூக்கம் கலைந்தால் திரும்ப வராதவர் என்றால், மேற்கே அப்பர் பூத் பக்கத்துப் பண்ணைகளில் கூடாரம் போட இடம் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.

எங்கே பதிவு செய்தாலும் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இளைஞர் கூட்டத்தைக் குழுவாகச் சேர்க்கிறீர்களா? இரவு எத்தனை மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும்? இரண்டாவதற்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். பேங்க் ஹாலிடே எனும் பொது விடுமுறை சேர்ந்து வரும் வார இறுதியில் ஈடேலில் அமைதியைத் தேடுவது வீண் வேலை.

நடைக்கு முதல் நாள் ஹாலின்ஸ் கிராஸ் ஏறி, மலைமுகட்டோடு மாம் டோர் போய் வாருங்கள். உயரம் 517 மீட்டர், பிள்ளைகளால் முடியும். உச்சியில் இரும்புக்காலக் கோட்டையின் மண்மேடு இருக்கிறது. மலையின் கிழக்குச் சரிவு நகர்ந்துகொண்டே இருந்ததால் அடியில் போன நெடுஞ்சாலையை 1979இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். தார் பிளந்து அடுக்கடுக்காகக் கிடக்கும் அந்தச் சாலையைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

மறுநாள் ஜேக்கப்ஸ் லேடர் படிகள் வரை போகலாம். அதற்கு மேலே கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். நிலவுடைமையாளர்கள் பூட்டி வைத்திருந்த இந்த மலைக்குள் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் அத்துமீறி நுழைந்தார்கள், சிலர் சிறை சென்றார்கள். இன்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் மூடுபனி இறங்கினால் மேலே உள்ள அந்தக் கருஞ்சேற்றுச் சதுப்பில் திசை தெரியாது. வானம் தெளிவாக இல்லையென்றால் படியோடு திரும்பிவிடுங்கள். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்1 வரைபடத்தைத் தாளில் வாங்குங்கள். பள்ளத்தாக்கில் செல்பேசிச் சிக்னலை நம்ப முடியாது.

சரி, பப். ரயில் நிலையம் அருகே ராம்ப்ளர், ஊரின் மேல்முனையில் ஓல்டு நாக்ஸ் ஹெட். ஸ்காட்லாந்து வரை 431 கிலோமீட்டர் போகும் பென்னைன் வே நடைபாதை இந்த ஓல்டு நாக்ஸ் ஹெட் அருகில்தான் தொடங்குகிறது, அதனால் சேற்றுக் காலணியோடு வருகிறவர்கள் அங்கே சகஜம். எலுமிச்சைச் சோடாவோ தேநீரோ வாங்கினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மேசையில் காத்திருக்காதீர்கள், பாரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் எத்தனை மணி வரை இருக்கலாம் என்பது பப்புக்குப் பப் மாறும், முதலிலேயே கேளுங்கள். பல பப்களில் மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே சமையலறை மூடிவிடும், இரவும் சீக்கிரம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஏழு மணிக்குள் போனால் நல்லது. சைவத்தில் சிக்கல் கிரேவிதான், பெரும்பாலும் இறைச்சிச் சாறு. சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

திரும்பும் வழியில் தெருவிளக்கு இருக்காது. ஆளுக்கொரு டார்ச் வேண்டும், சாலையோர நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடங்கள். ஆகஸ்டிலும் இரவில் குளிரும், கம்பளிக் குல்லாய் எடுத்துப்போங்கள்.